வளரும் தேசமும் கடன்பட்ட தேசமும்

கெடிலம் கடலோடு கலக்கும் கடலூர்த் தேவனாம்பட்டினத்து மணல்வெளியில், புனித டேவிட் கோட்டையின் சிதைவுகளுக்கருகே மாலை வேளையில் நின்று பார்க்கிறவர்களுக்கு, தேசங்களின் செல்வமும் தாழ்வும் நிலையானவை அல்ல என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி இந்தக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம்வரை உள்ள நிலமெல்லாம் தனதென்று எல்லை வகுத்துக்கொண்டது. அவ்வாறு அதன் வசமான ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயர் வழங்கலாயிற்று. அந்தக் கம்பெனியின் தாயகமாகிய பிரிட்டனை, மொத்த உற்பத்தியின் அளவில் இந்தியா தாண்டிச் சென்று உலகின் ஐந்தாவது பெரிய பொருளாதாரமாயிற்று என்ற செய்தி 2022-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 12-ஆம் தேதி, நமக்குத் தெற்கே இருக்கும் இலங்கை, தான் வெளிநாடுகளில் பட்ட கடனை இனிச் செலுத்த இயலாதென்று அறிவித்தது; சுதந்திரம் பெற்ற 1948 முதல் அந்நாடு அப்படி அறிவித்தது அதுவே முதல் முறை.

ஒரே கடற்பரப்பின் இரு கரைகளிலிருந்து ஒரே ஆண்டில் எழுந்த இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் சில வினாக்கள் பிறக்கின்றன. வளர்கின்ற தேசத்திற்கு, கடன்பட்ட தேசத்தின் கதி என்றுமே நேராதா? கடன் எப்போது தேசத்தை வளர்க்கிறது, எப்போது விலைவாசியாக மாறி ஜனங்களின் உலையில் கைவைக்கிறது? அவ்வாறு விலைவாசி ஏறும்போது அதன் பாரத்தைச் சுமப்பவர் யார்? கடலூர், சிதம்பரம் பகுதியின் சரித்திரத்தையும், இலங்கையின் அண்மை அனுபவத்தையும், நம் தேசமே 1991-இல் பட்ட பாட்டையும் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடனின் இரு முகங்கள்

கடன் வாங்குவதே பாவம் என்று கருதுவது விவேகம் ஆகாது. கடலூரிலிருந்து விருத்தாசலம் போகிற வழியில் இரவிலும் ஒளிவிட்டு நிற்கும் நெய்வேலியே இதற்குச் சான்று. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அங்கே தொடங்கப்பட்டபின், அதன் முதலாவது அனல் மின் நிலையம் சோவியத் நாட்டின் உதவியோடு எழுந்து, 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. அக்காலத்துச் சோவியத் கடனுதவியில் ஒரு விசேஷம் இருந்தது: அதை டாலர் தேடித் திருப்பித்தர வேண்டியதில்லை, ரூபாய்க் கணக்கிலேயே, நம் சரக்குகளை அவர்கள் கொள்முதல் செய்யும் ஏற்பாட்டின் வழியாகவே தீர்த்துவிடலாம். வாங்கிய கடன் நிலத்தடியில் கிடந்த எரிபொருளை மின்சாரமாக மாற்றியது. மின்சாரம் ஆலைகளையும் இறைவைப் பம்புகளையும் இயக்கியது. அந்த உற்பத்தியே கடனை அடைத்தது. நிலத்தைப் பறிகொடுத்த கிராமத்தாரின் துயரம் தனியே எழுதப்பட வேண்டியதொன்று. அதை மறந்துவிட்டு நெய்வேலியைப் புகழ்வது நியாயமன்று. எனினும், கடனின் நற்பயனுக்கு உதாரணம் கேட்பவர்களுக்குத் தென்னாற்காட்டு மண்ணிலிருந்து இதனினும் சிறந்ததைக் காட்ட இயலாது.

மறு முகத்திற்கும் இதே மண்ணில் சான்று உண்டு. 1830-ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் ஹீத் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய இரும்பு ஆலை, கம்பெனி சர்க்காரின் முன்பண உதவியோடு நடந்து, சேலத்துத் தாதுவை உருக்கி இங்கிலாந்துவரை அனுப்பியும், ஈட்டியதைவிடச் செலவே மிகுந்தமையால் நாளடைவில் மூடப்பட்டது. நம் காலத்திலும், கடலூருக்குத் தெற்கே பெருங்கடன் வாங்கி எழுப்பிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 2011 டிசம்பர் 30-ஆம் தேதி வீசிய தானே புயலில் சேதமுற்றுப் பாதியில் நின்று, உற்பத்தியே தொடங்காமல், கடைசியில் கடன்காரர்களின் பொருட்டுக் கலைக்கப்படும் நிலையை அடைந்தது. பலன் தரத் தொடங்கும் முன்பே வட்டி வளரத் தொடங்கிவிடுகிறது என்பதே இவ்விரண்டும் தரும் பாடம்.

ஆகவே, கடனைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எந்த நாணயத்தில் வாங்கப்பட்டது? எந்தக் காரியத்தில் இடப்பட்டது? வரவு போதாமற்போகும் நாளில் எதைக்கொண்டு குறை நிரப்பப்படுகிறது? தொகை எவ்வளவு என்ற கேள்வி இம்மூன்றுக்கும் பிற்பட்டதே.

சிதம்பரத்துப் பேராசிரியரின் கணக்கு

கடனுக்கும் விலைவாசிக்கும் உள்ள உறவை நம் நாட்டில் கள ஆய்வின் மூலம் ஆராய்ந்தவர்களுள் முன்னோடியாக ஒருவரைக் குறிப்பிட வேண்டும். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் சிதம்பரத்தில் நிறுவிய பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராகத் திகழ்ந்த பி. வி. நாராயணசாமி நாயுடு, சென்னை சர்க்காரின் வேண்டுகோளின் பேரில் கிராமக் கடன்களை ஆராய்ந்து 1946-இல் அறிக்கை அளித்தார்.

அந்த ஆய்வு நடந்த காலத்தை நினைவுகூர வேண்டும். 1929-க்குப் பின் வந்த உலக மந்தத்தில் நெல்லும் மணிலாக் கொட்டையும் விலை வீழ்ந்தன. மணிலாவையே பெரிதும் நம்பியிருந்த தென்னாற்காட்டு விவசாயிக்கு, பத்திரத்தில் எழுதிய தொகை மாறாமலிருக்க, அதை அடைக்க விற்கவேண்டிய மூட்டைகளின் எண்ணிக்கை பெருகிப்போயிற்று. அத்துன்பத்தின் விளைவாகவே ராஜாஜி மந்திரிசபை 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் பிறகு யுத்தம் மூண்டது, சர்க்கார் நோட்டுகளைப் பெருக்கியது, விலைகள் ஏறின. விலை ஏற்றத்தால் கடன்பட்டவர்கள் எல்லோரும் தப்பித்தார்கள் என்பதே அன்றைய பொதுவான அபிப்பிராயம்.

பேராசிரியரின் கணக்கு அந்த அபிப்பிராயத்தைத் திருத்தியது. மாகாணத்தின் கிராமக் கடன் மொத்தத்தில் குறைந்தது உண்மையே. ஆனால் குறைந்தது விற்பதற்கு விளைச்சல் வைத்திருந்த பெரிய, நடுத்தர நிலக்காரர்களின் கடன். நிலமற்ற விவசாயக் கூலிகளின் கடனோ அதே ஆண்டுகளில் அதிகரித்திருந்தது. விற்கச் சரக்கு உள்ளவனுக்கு விலை ஏற்றம் வரவு. உழைப்பைத் தவிர வேறெதுவும் இல்லாதவனுக்கு அது புதிய கடன். வீராணத்துப் பாசனத்திலும் கொள்ளிடக் கரையிலும் நெல்லாகவே கூலி அளந்த காலத்தில், விலை ஏறினாலும் கூலிக்காரன் வீட்டுக் குதிருக்குப் போவது அதே மரக்கால் நெல்லாக இருந்தது. கூலி காசாக மாறிய பிறகு அந்தப் பாதுகாப்பும் போயிற்று. பணவீக்கத்தை ஒற்றைச் சதவீத எண்ணாகப் பார்த்துப் பழகிய நம்மவர்களுக்கு, அது ஒரு சாராரிடமிருந்து எடுத்து மற்றொரு சாராருக்கு அளிக்கும் பெரும் பங்கீடு என்பதை அந்த அறிக்கை காட்டுகிறது. இலங்கையில் நேர்ந்ததை விளங்கிக்கொள்ளவும் இதுவே திறவுகோல்.

இலங்கையின் அனுபவம்

முற்கூறிய மூன்று கேள்விகளையும் இலங்கையிடம் கேட்டுப் பார்ப்போம்.

முதலாவது, நாணயம். நெடுங்காலம் வல்லரசுகளிடமும் உலக வங்கியிடமும் குறைந்த வட்டிக்கு, நீண்ட தவணைக்குக் கடன் பெற்றுவந்த அந்நாடு, 2007-இல் 50 கோடி டாலருக்கு முதன்முறையாக உலகச் சந்தையில் கடன் பத்திரம் விற்றது. அதன் பின் ஆண்டுதோறும் என்று சொல்லத்தக்க அளவில் அவ்வழியைப் பின்பற்றியதால், 2022-க்குள் அவ்வகைப் பத்திரங்களின் மதிப்பு மட்டும் 1,200 கோடி டாலரைத் தாண்டியது. வெளிநாட்டுக் கடன் மொத்தம் 5,100 கோடி டாலரை நெருங்கியது. சந்தைக் கடனுக்கு வட்டி அதிகம், தவணை குறைவு, நயந்து பேசித் தவணை நீட்டக் கடன்காரர் ஒருவராக எதிரில் இருப்பதும் இல்லை.

இரண்டாவது, காரியம். தேயிலை, ஆயத்த ஆடை, சுற்றுலா, வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணம் ஆகிய நான்குமே அத்தீவின் பிரதான டாலர் வருவாய்; கடன் பணமோ பெரும்பாலும் டாலர் ஈட்டாத காரியங்களில் இடப்பட்டது. அவ்வாறு கடன்பட்டுக் கட்டிய அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் 112 கோடி டாலருக்குச் சீனக் கம்பெனி ஒன்றிடம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சென்றது. 2019 ஈஸ்டர் ஞாயிறன்று நடந்த குண்டுவெடிப்புகளும், அடுத்து வந்த பெருந்தொற்றும் சுற்றுலாவை முடக்கின.

மூன்றாவதே யாவற்றினும் முக்கியமானது. 2019 இறுதியில் புதிய ஆட்சி மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது; வேறு வரிகளும் குறைந்தன. வரவு சரிந்தபோது செலவைக் குறைக்கவோ வரியை மீட்கவோ முயலாமல், மத்திய வங்கி புதிதாகப் பணம் படைத்து சர்க்காரின் கருவூல உண்டியல்களை வாங்கி, பற்றாக்குறையை நிரப்பிற்று. 2021 ஏப்ரலில் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவால் தடை செய்ததில் நெல் விளைச்சலும் வீழ்ந்தது. அரிசிக்கும் அன்னியச் செலாவணி தேட வேண்டியதாயிற்று. ஒருபுறம் நோட்டு பெருகியது. மறுபுறம் சரக்கு அருகியது. எனினும் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 200 ரூபாய் என்ற விகிதத்தைப் பல மாதங்கள் இறுகப் பிடித்து, கையிருப்பை அதற்கே செலவழித்து, 2022 ஜனவரியில்கூட 50 கோடி டாலர் பத்திரக் கடனைத் தவணை தவறாமல் கட்டினார்கள். மார்ச் 7-ஆம் தேதி பிடியைத் தளர்த்தியவுடன் ரூபாய் சரிந்து, மே மாதத்தில் டாலர் 360 ரூபாயைத் தொட்டது. பயன்படுத்தத்தக்க கையிருப்பு ஐந்து கோடி டாலருக்கும் குறைவென்று அந்நாட்டு நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

அதன் பின் நடந்தவை நமக்குத் தெரியாதவை அல்ல. மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் நாட்கணக்கில் வரிசை. நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. காகிதமின்மையால் பள்ளித் தேர்வுகள் தள்ளிவைப்பு. மத்திய வங்கி ஏப்ரல் 8-ஆம் தேதி வட்டி விகிதத்தை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியும், 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது; உணவுப் பொருள்களின் விலை மட்டும் 94.9 சதவீதம் ஏறியது.

இந்த எண்களை மலையகத்தில் கொழுந்து கிள்ளும் ஒரு தமிழ்ப் பெண்ணின் கூலியோடு ஒப்பிட்டால்தான் இவற்றின் பொருள் விளங்கும். பல்லாண்டுப் போராட்டத்திற்குப் பின் 2021 மார்ச்சில் அவளுடைய நாட்கூலி 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அன்று அது ஐந்து டாலர். அடுத்த ஆண்டு மே மாதத்தில் மூன்று டாலருக்கும் குறைவு. அவள் பறித்த தேயிலை டாலருக்கே விற்றது. அவளுக்குக் கிடைத்ததோ தேய்ந்துபோன ரூபாய். வறுமையில் உழல்வோர் 2021-இல் ஜனத்தொகையில் 13 சதவீதமாக இருந்து அடுத்த ஆண்டில் 25 சதவீதமானதாக உலக வங்கி கணித்தது. சர்க்கார் உள்நாட்டில் பட்ட கடனின் மெய்யான பாரம் இந்த விலை ஏற்றத்தால் லேசாயிற்று. அப்பாரம் அந்தக் கடனை மறைமுகமாக அளித்திருந்த தொழிலாளர் சேமலாப நிதியின் மேல் இறங்கிற்று. 2023-இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோதும், குறைந்த வட்டிக்கு இணங்க நேர்ந்தவற்றுள் அந்த ஓய்வூதிய நிதியே பிரதானமானது. நாராயணசாமி நாயுடு நம் கிராமங்களில் கண்டது, எழுபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு தேசத்தின் அளவில் மீண்டும் நிரூபணமாயிற்று.

2022 மார்ச் 22-ஆம் தேதி தனுஷ்கோடிக் கரையில் வந்திறங்கிய பதினாறு பேர், குண்டுக்கு அஞ்சி வரவில்லை, விலைக்கு அஞ்சி வந்தார்கள். மே 18-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து 9,000 டன் அரிசியும் 200 டன் பால் பவுடரும் மருந்துகளும் ஏற்றிய கப்பலைத் தமிழ்நாட்டு அரசு அனுப்பியது; மத்திய அரசு அந்த ஆண்டில் கடனாகவும் பிறவாகவும் அளித்த உதவி சுமார் 400 கோடி டாலர். சர்வதேச நாணய நிதியம் 300 கோடி டாலர் அளிக்க இசைந்தது 2023 மார்ச்சில்தான். அதே ஆண்டில், சர்க்காருக்கு மத்திய வங்கி பணம் படைத்துக் கொடுப்பதைத் தடுக்கும் சட்டத்தை இலங்கை இயற்றியது; பணவீக்கமும் செப்டம்பருக்குள் 2 சதவீதத்திற்கும் கீழே இறங்கிற்று. ஆனால் பணவீக்கம் தணிந்தது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்றே பொருள். ஏறிய விலை இறங்கிவிட்டது என்று பொருளன்று.

நாமும் நின்ற இடம்

இலங்கையின் நிலையைக் கண்டு பெருமிதம் கொள்ளும் உரிமை நமக்கு இல்லை. 1980-களில் இந்தியா, சுதந்திரத்திற்குப் பின் அதுவரை காணாத வேகத்தில், ஆண்டுக்கு ஐந்தரை சதவீத அளவில் வளர்ந்தது; அந்த வளர்ச்சியின் ஒரு பகுதி பற்றாக்குறையாலும் வெளிநாட்டுக் குறுங்கடனாலும் போஷிக்கப்பட்டது. 1990-இல் வளைகுடாவில் யுத்தம் மூண்டு எண்ணெய் விலை உயர்ந்து, அங்கிருந்த நம்மவர் அனுப்பும் பணமும் குன்றியவுடன், மூன்று வாரத்து இறக்குமதிக்கே போதுமான கையிருப்போடு தேசம் நின்றது. 1991 மே மாதத்தில் 20 டன் தங்கமும், ஜூலையில் பாங்க் ஆஃப் இங்கிலாந்துக்கு 47 டன் தங்கமும் விமானமேறின. ஜூலை 1, 3 ஆகிய இரு நாட்களில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. விலைவாசி ஏற்றம் அந்த ஆகஸ்டில் ஏறக்குறைய 17 சதவீதத்தை அடைந்தது. வளர்ச்சி விகிதம் தேசத்திற்குக் கவசமாகாது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேண்டுமா?

நம்மைக் காத்தது அதன் பின் கட்டிக்கொண்ட வேலிகளே. சர்க்காரின் பற்றாக்குறையை ரிசர்வ் வங்கி தானாகவே நிரப்பிவந்த சிறப்பு உண்டியல் முறை, சி. ரங்கராஜன் கவர்னராக இருந்த காலத்தில் செய்த உடன்படிக்கையின்படி 1997-இல் முடிவுக்கு வந்தது. 2003-இல் நிதிப் பொறுப்புச் சட்டமும், 2016-இல் பணவீக்கத்தை 4 சதவீதத்தில், இருபுறமும் 2 சதவீதம் ஏறி இறங்கலாம் என்ற வரம்புக்குள் நிறுத்தும் கடமையும் ஏற்பட்டன. 2022 ஏப்ரலில் விலை ஏற்றம் 7.79 சதவீதமானபோது, அது நமக்குக் கடும் துன்பமாகத் தோன்றியது. அவ்வாண்டில் இலக்கு தவறியதற்கு ரிசர்வ் வங்கி சர்க்காருக்கு எழுத்து மூலம் காரணம் கூற வேண்டியிருந்தது. அந்த ஏற்பாட்டின் பெருமை அதுவே. மத்திய சர்க்காரின் கடனில் பெரும்பகுதி ரூபாயில், உள்நாட்டாரிடமே வாங்கப்பட்டது. அன்னியச் செலாவணிக் கையிருப்பும் 2024 செப்டம்பரில் 70,000 கோடி டாலரைத் தாண்டியது.

இன்றைய அபாயங்கள்

வேலி இருக்கிறது என்பதற்காகக் காவலை மறந்துவிடலாகாது. மத்திய சர்க்காரின் வருவாய் வரவில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வட்டிக்கே போகிறது. கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளியிலிருந்தே தருவிக்கிறோம். பண்ருட்டியின் முந்திரித் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள்: தானே புயலில் தோப்புகள் சாய்ந்த ஊர் அது, அங்குள்ள ஆலைகள் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கொட்டை தருவித்து உடைக்கின்றன. டாலர் ஏறினால் கொட்டையின் விலை ஏறுகிறது. உடைத்துத் தோலுரிக்கும் பெண்ணின் கூலி ஏறுவதில்லை.

தமிழ்நாடு 2024–25-இல் 11.19 சதவீதம் வளர்ந்தது, பெருமைக்குரியதே. 2021-இல் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, மாநிலக் கடன் குடும்பத்துக்கு 2.63 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டதும் நினைவில் இருக்க வேண்டும். மாநிலம் நோட்டு அச்சிட முடியாதாகையால் அதன் கடன் நேரே விலைவாசியாக மாறாது. மாறாக, பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் சேரவேண்டிய பணம் வட்டிக்குச் சென்றுவிடும். வரவுக்கு மிஞ்சிய செலவின் முடிவை அறியச் சிதம்பரத்தாருக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. அவர்களுடைய பல்கலைக்கழகமே நிதி நெருக்கடியால் 2013-இல் தனிச் சட்டத்தின் மூலம் மாநில அரசின் பொறுப்பில் வந்தது.

குடும்பங்களின் கடனோ மற்றொரு பெருங்கவலை. மகளிர் குழுக்களின் பெயரால் நுண்கடன் வாரத் தவணைக்கு வந்து நிற்காத தெரு நம் கிராமங்களில் அரிது. கடன் வசூலில் வன்முறையைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு சட்டம் இயற்ற நேர்ந்ததே நோயின் முதிர்ச்சியைக் காட்டுகிறது. 1938-இல் ஒரு சட்டம், 2025-இல் ஒரு சட்டம். இடைப்பட்ட எண்பத்தேழு ஆண்டுகளில் தேசத்தின் மொத்த உற்பத்தி பன்மடங்கு பெருகியும், கூலிக்காரனுக்கும் கடனுக்கும் உள்ள உறவு அறவில்லை.

முடிவு

இவற்றால் நாம் அடையும் முடிவு இது. வளரும் தேசம், கடன்பட்ட தேசம் என்று இரு ஜாதிகள் இல்லை. ஒரே பாதையில் முன்பின்னாக நடக்கும் தேசங்களே உள்ளன. 1991-இல் நாம் நின்ற இடத்தில் 2022-இல் இலங்கை நின்றது. அன்னிய நாணயத்தில் வாங்கும் கடன் அன்னிய நாணயம் ஈட்டும் காரியத்திற்கே செல்ல வேண்டும். வரி வசூலித்துச் செய்யவேண்டிய செலவை நோட்டு அச்சிட்டுச் செய்யும் வழியை, எந்தக் கட்சி ஆண்டாலும், எந்த நெருக்கடி வந்தாலும், மீண்டும் திறக்கலாகாது. 2011 முதல் விலையின்றி அரிசி வழங்கிவரும் நம் ரேஷன் கடைகளை வீண்செலவென்று இகழ்வோர், நெல்லாகக் கூலி அளந்த காலத்தில் இருந்த பாதுகாப்பில் ஒரு பகுதியையாவது அவை மீட்டுத் தந்திருக்கின்றன என்பதை உணர வேண்டும். அவற்றைக் கண்போல் காக்க வேண்டும்.

ஆண்டுதோறும் வளர்ச்சி விகிதம் வெளியாகும்போது மகிழ்கிற நாம், அதே நாளில் மற்றொரு கணக்கையும் கேட்கும் பழக்கத்தை மேற்கொள்ள வேண்டும். அந்த ஆண்டில் சிதம்பரத்து வயலில் நாற்று நட்டவளின் ஒருநாள் கூலிக்கு எத்தனை படி அரிசி கிடைத்தது? முந்தைய ஆண்டைவிட ஒரு படியேனும் அது கூடியிருந்தால் தேசம் வளர்ந்தது என்று கூறலாம். குறைந்திருந்தால், அந்த வளர்ச்சி அவளுடைய உலையிலிருந்து எடுக்கப்பட்டதே.